லியோன் ஜன்னல்களில் விளக்கு வைத்தது யார்?

பிரான்ஸில் ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், கி.மு. 43-இல் ரோமானியர்கள் அடித்தளம் போட்ட நகரம் லியோன். அதன் திருவிழாக்கள், வழக்கங்கள், கதைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கே: பாரிஸ் இருக்கும்போது லியோனுக்கு எதற்குப் போக வேண்டும்?

ப: பாரிஸில் அரசர்கள் கட்டியதைப் பார்க்கலாம். லியோனில் நெசவாளிகள் சொன்ன கதையைக் கேட்கலாம். அந்த ஊரின் பொம்மை, பாறை, பாலாடைக்கட்டி எதை எடுத்தாலும் பின்னால் தறிச்சத்தம் இருக்கிறது. எனக்குக் கதைதான் முக்கியம். நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கே: டிசம்பர் 8 அன்று லியோனில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளக்கு வைக்கிறார்களாமே, அதை ஆரம்பித்துவைத்தது யார்?

ப: பாதி மனிதர்கள், பாதி மழை. 1852-இல் ஃபூர்வியேர் குன்றின் மேலிருந்த பழைய சிற்றாலயத்தின் மணிக்கூண்டில் மரியன்னைக்குத் தங்கமுலாம் பூசிய வெண்கலச் சிலை ஒன்றை நிறுத்த ஏற்பாடானது. செய்தவர் ஃபாபிஷ் என்ற சிற்பி. மாதா பிறந்த நாளான செப்டம்பர் 8-இல் திறப்பு விழா என்று நாள் குறித்தாயிற்று. ஆனால் சோன் ஆற்றில் வெள்ளம் வந்து பட்டறைக்குள் புகுந்துவிட்டது. சிலை தயாராகவில்லை. விழா அமல உற்பவத் திருநாளான டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது.

அன்றைக்கென்று பார்த்துக் காலையிலேயே புயல் மழை. வாணவேடிக்கையை ஒத்திவைக்கலாமா என்று பொறுப்பிலிருந்தவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வானம் வெளுத்தது. விசேஷ நாட்களில் வீட்டு முகப்பில் விளக்கேற்றும் பழக்கம் அந்த ஊரில் முன்பே உண்டு, எனவே மெழுகுவர்த்திகள் வீட்டில் தயாராக இருந்தன. ஒரு ஜன்னலில் ஏற்றியதைப் பார்த்து அடுத்த ஜன்னல், ஒரு தெருவைப் பார்த்து அடுத்த தெரு. இருட்டியபோது ஊர் முழுக்க வெளிச்சம். ஜனங்கள் கீழே இறங்கிப் பாடிக்கொண்டே நடந்தார்கள். அடுத்த வருஷமும் ஏற்றினார்கள். இன்றுவரை நிறுத்தவில்லை.

கே: அந்த விளக்கு எப்படி இருக்கும்?

ப: லூமின்யோன் என்பார்கள். குட்டையான மெழுகுவர்த்தி, அதை நிறுத்த வரிவரியாகப் பள்ளம் விட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணம். கண்ணாடி வெள்ளையாகவும் இருக்கும், சிவப்பு, நீலம், பச்சையாகவும் இருக்கும். ஜன்னலின் வெளி விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். கிண்ணங்களை அடுத்த வருஷத்துக்குப் பெட்டியில் பத்திரப்படுத்தும் குடும்பங்கள் உண்டு. நவம்பர் கடைசியிலேயே கடைகளில் மெழுகுவர்த்திக் கட்டுகள் வந்துவிடும்.

கே: சிலை வருவதற்கு முன்பே மாதாவுக்கும் அந்த ஊருக்கும் ஏதோ ஒப்பந்தம் இருந்ததாமே?

ப: இருந்தது. 1643-இல் கொள்ளைநோய் மிரட்டியபோது, நகரசபைப் பெரியவர்கள் ஒரு நேர்த்தி வைத்தார்கள். நோய் ஊரைத் தொடாமல் விட்டால், ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று ஃபூர்வியேர் குன்றேறி ஏழு பவுண்டு வெண்மெழுகும் ஒரு தங்கக் காசும் காணிக்கை வைப்போம் என்று. நோய் தணிந்தது. பெரியவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். இப்போதும் அந்த நாளில் பேராயர் குன்றின் மேல் முற்றத்தில் நின்று, பீரங்கி முழங்க, நகரத்தை ஆசீர்வதிக்கிறார்.

அந்தக் காசைப் பட்டு மெத்தைத் திண்டின் மேல் வைத்து ஏந்திச் சென்றார்களாம். 1960-இல் வுவாசன் என்ற மிட்டாய்க் கடை அந்தத் திண்டின் வடிவத்தில் பச்சை நிறத்தில் ஓர் இனிப்பு செய்தது. உள்ளே சாக்லேட், வெளியே பாதாம் பூச்சு. லியோன் திண்டு என்று பெயர். கொள்ளைநோய்க்கு வைத்த நேர்த்தி இனிப்பாகி விற்கிறது. நேர்த்தியின் கதையைக் குழந்தைக்குச் சொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கே: பிரான்ஸ்தான் மதச்சார்பற்ற நாடாயிற்றே! அந்தப் பெரியவர்கள் இடத்தில் இருக்கும் மேயர் எப்படி ஆலயத்தில் காணிக்கை வைக்கலாம்?

ப: அதே கேள்வியை லியோன்காரர்களே அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்கள். 1905-இல் சட்டம் போட்டு அரசையும் திருச்சபையையும் பிரித்த நாடு அது. மேயருக்கு மேயர் வழக்கம் மாறியிருக்கிறது. 2020-இல் பதவிக்கு வந்தவர், மதச்சார்பின்மையைக் காரணம் சொல்லி, ஆலயச் சடங்கில் கலந்துகொள்ள மறுத்தார். ஊரில் பெரிய விவாதம். என் கருத்து: மேயர் போகாவிட்டாலும் நேர்த்தி முறியாது. 1643-இல் பயந்தது நகரசபை மட்டுமில்லை, ஊர் முழுக்கப் பயந்தது. நன்றி சொல்லும் உரிமையும் ஊருக்கே உண்டு.

கே: ஃபூர்வியேர் பேராலயத்தை யானை என்கிறார்களாமே?

ப: கவிழ்த்துப் போட்ட யானை. நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்கள் கால்கள் மாதிரி வானத்தைப் பார்த்து நிற்பதால் வந்த பட்டப்பெயர். 1870-இல் பிரஷ்யப் படை நெருங்கியபோது வைத்த இன்னொரு நேர்த்திக்காக 1872-இல் கட்டத் தொடங்கியது அது. திட்டம் போட்ட கட்டடக் கலைஞர் பியர் பொஸ்ஸான். ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். வெளியூர்க்காரர் செய்தால் முகம் மாறும்.

கே: டிசம்பரில் நான்கு நாள் பிரமாண்ட ஒளிக்காட்சி நடக்கிறது. லட்சக்கணக்கில் கூட்டம். இதில் மெழுகுவர்த்தியை யார் பார்க்கிறார்கள்?

ப: நான் பார்க்கச் சொல்கிறேன். 1989-இல் நகராட்சி கட்டடங்களுக்கு ஒளியமைப்புத் திட்டம் கொண்டுவந்தது. 1990-களின் கடைசியில் அது ஒளித் திருவிழாவாக வளர்ந்தது. ஐந்து லட்சம் பேர் வசிக்கும் நகரத்துக்கு நான்கு இரவுகளில் சுமார் 20 லட்சம் பேர் வருகிறார்கள். ஆலயச் சுவரிலும் நகரமன்றச் சுவரிலும் கலைஞர்கள் ஒளியால் வரையும் காட்சிகள் நிஜமாகவே அழகு.

ஆனால் எது அசல் என்று காலம் இரண்டு முறை பரீட்சை வைத்தது. 2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தபோது ஒளிக்காட்சிகளை நகராட்சி ரத்து செய்தது. 2020-இல் கொரோனாவால் மறுபடி ரத்து. இரண்டு வருஷமும் டிசம்பர் 8 மாலை ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. 2015-இல் இறந்தவர்களுக்கு அஞ்சலியாகவே ஏற்றினார்கள். ப்ரொஜெக்டர் அணைந்தாலும் நிற்கிற ஒன்று இருக்கிறதே, அதுதான் திருவிழா.

கே: லியோனின் மிகப் பெரிய பிரமுகர் யார்?

ப: கின்யோல். உயரம் ஒரு முழம். கையுறை மாதிரி விரல்களில் மாட்டி ஆட்டும் மரத்தலைப் பாவை.

கே: பொம்மையைப் போய்ப் பிரமுகர் என்கிறீர்களே! கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ப: லோரான் மூர்கே 1769-இல் லியோனில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பட்டு வியாபாரம் படுத்துவிட்டது. தறியில் வேலை இல்லாமல் ஊர் ஊராகச் சாமான் விற்றார். அதுவும் போதாமல் சந்தைகளில் பல் பிடுங்கத் தொடங்கினார். மயக்க மருந்து இல்லாத காலம். கூட்டம் சேரவும், நாற்காலியில் உட்கார்ந்தவர் வலியை மறக்கவும், பக்கத்தில் பாவை ஆட்டினார். ஆட்டம் பல்லை ஜெயித்தது. பல் பிடுங்குவதை விட்டுவிட்டு முழுநேரப் பாவையாட்டி ஆனார்.

முதலில் இத்தாலியிலிருந்து வந்த பழைய பாத்திரங்களைத்தான் ஆட்டினார். பிறகு உள்ளூர் ஆட்களைப் படைத்தார். ஞாஃப்ரோன், செருப்புத் தைப்பவன், சிவந்த மூக்கு, போஜொலே திராட்சை மதுவின் தீராத ரசிகன். அதற்குப் பிறகு, 1808 வாக்கில், கின்யோல். பின்னல் தொங்கும் தலை, கையில் தடி, பட்டு நெசவாளியின் பேச்சு. மனைவி மதலோன். அவளிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது.

மூர்கே வசனத்தை எழுதிவைத்துக்கொள்ளவில்லை. அன்றன்று ஊரில் நடந்ததை அன்று சாயங்காலமே மேடையில் பேசினார். வாடகை ஏறினால் கின்யோல் வீட்டுக்காரனைக் கேட்பான். போலீஸ்காரன் அதட்டினால் தடி பேசும். செய்தித்தாள் வாசிக்கத் தெரியாத ஜனங்களுக்கு இதுதான் செய்தித்தாள். 1850-களில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி, ஆட்டத்தின் வசனத்தை எழுதி முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு முழப் பாவைக்குப் பேரரசு பயந்தது என்றால் அது பிரமுகர் இல்லாமல் வேறென்ன? பழைய லியோனில் உள்ள கதாய்ன் அருங்காட்சியகத்தில் பாவைக்கலைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நகரத்தின் சின்ன அரங்குகளில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. பாஷை தெரியாவிட்டாலும் போங்கள். தடி அடிக்குப் பாஷை தேவையில்லை.

கே: நெசவாளி, நெசவாளி என்கிறீர்கள். அவர்கள் அவ்வளவு முக்கியமா?

ப: அவர்களைக் கானூக்கள் என்பார்கள். லியோனில் இரண்டு குன்றுகள். வரலாற்றாசிரியர் மிஷ்லே ஃபூர்வியேரை ஜெபிக்கும் குன்று என்றார், க்ரோவா-ரூஸை உழைக்கும் குன்று என்றார். ஜக்கார் தறி உயரமானது, அதற்கு இடம் வேண்டும். எனவே க்ரோவா-ரூஸ் வீடுகளின் கூரை சுமார் 4 மீட்டர் உயரம். தறி கீழே, குடும்பம் மேலே பரண் மாதிரி மரத்தட்டில் தூங்கும்.

1831-இல் கூலிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் ஒத்துக்கொள்ளப்பட்டது. பட்டு வியாபாரிகளில் பலர் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் கானூக்கள் குன்றிலிருந்து இறங்கி நகரத்தையே கைப்பற்றினார்கள். பாரிஸிலிருந்து பெரும்படை வந்தது, விகிதம் ரத்தானது. 1834 ஏப்ரலில் மறுபடி எழுந்தார்கள், ரத்தத்தில் அடக்கப்பட்டார்கள். ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றில் அழியாத பக்கம் அது. லியோனின் கதைகளில் வீட்டுக்காரனும் அமீனாவும் ஏன் எப்போதும் வில்லன்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கே: க்ரோவா-ரூஸில் ஒரு பாறையைக் கம்பி வேலி போட்டுக் காட்டுகிறார்கள். அதில் என்ன விசேஷம்?

ப: பெரிய கல் என்பதுதான் அதன் பெயரே. 1860-களின் தொடக்கத்தில், மலையேறும் கயிற்று ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும்போது கிடைத்தது. பழங்காலப் பனியாறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து விட்ட கல் என்பது நிலவியல்.

க்ரோவா-ரூஸ்காரர்கள் சொல்லும் கதை வேறு. கடும் பனிக்காலத்தில் ஓர் அமீனா கடன்பட்ட கானூக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினான். அவன் இதயத்தைக் கடவுள் கல்லாக்கி, உன்னைவிடக் கல்நெஞ்சன் கிடைக்கும்வரை இதைத் தள்ளிக்கொண்டே போ என்று விட்டார். ஊர் ஊராகத் தள்ளினான், கல் பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் க்ரோவா-ரூஸில் ஒருவன் கிடைத்தான். கல் அங்கேயே நின்றுவிட்டது. நிலவியல் உண்மை. ஆனால் கதையில் இருக்கும் வலியும் உண்மை.

கே: பெல்கூர் சதுக்கத்தில் பதினான்காம் லூயியின் குதிரைச் சிலையைச் செய்தவர், அங்கவடியை மறந்துவிட்டதால் தற்கொலை செய்துகொண்டாராமே?

ப: சுத்தப் புளுகு. சிற்பி லெமோ லியோனில் பிறந்தவர். சிலை 1825-இல் நிறுவப்பட்டது. ரோமானியப் பேரரசர்கள் பாணியில் அமர்த்தியதால் அங்கவடி வைக்கவில்லை. ரோமானியர் காலத்தில் அது கிடையாது. லெமோ 1827-இல் பாரிஸில் இறந்தார், அங்கவடியால் இல்லை. ஆனால் ஒரு பயனுள்ள தகவல்: லியோன்காரர்கள் நண்பர்களைச் சந்திக்க இடம் சொல்வது “குதிரை வாலுக்குக் கீழே” என்றுதான். ராஜாவை யாரும் குறிப்பிடுவதில்லை.

கே: ஆற்றில் டிராகன் இருந்ததா?

ப: மாஷ்க்ரூட். ரோன் ஆற்றில் கியோத்தியேர் பாலத்தடியில் வசித்ததாம். அது புரண்டால் வெள்ளம் வரும் என்று நம்பினார்கள். அதன் பெயரில் கோர வாய் பிளந்த ஓர் உருவத்தை அந்தக் காலக் கார்னிவலில் தூக்கிக்கொண்டு போனார்கள். சாட்சி சாதாரண ஆளில்லை, எழுத்தாளர் ரபலே. 1532-இல் லியோன் பொது மருத்துவமனையில் வைத்தியராக இருந்தவர், தன் நூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

கே: சிங்கம் தொடாத பெண் என்று ஒரு கதை கேட்டேன். அதுவும் புளுகுதானா?

ப: இதைப் புளுகு என்று தள்ள மாட்டேன். கி.பி. 177-இல் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் காலத்தில் லியோன் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அவர்களில் ப்ளாந்தின் ஓர் அடிமைப் பெண். நடந்ததை லியோன், வியென் சபைகள் கடிதமாக எழுதின. சரித்திர ஆசிரியர் யூசேபியஸ் அதைத் தன் நூலில் பாதுகாத்தார். கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டபோது மிருகங்கள் அவளைத் தொடவில்லை என்றும், கடைசியில் வலையில் சுற்றிக் காளைமுன் போட்டார்கள் என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது. சிங்கம் பிற்காலத்து ஓவியர்கள் விரும்பிச் சேர்த்துக்கொண்டது. க்ரோவா-ரூஸ் சரிவில் அந்த வட்டரங்கின் மிச்சம் இருக்கிறது, நடுவில் ஒரு கம்பம் நிறுத்தியிருக்கிறார்கள். பிரபுக்களும் பிஷப்பும் சேர்ந்து இறந்த சம்பவத்தில் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது ஓர் அடிமைப் பெண்ணை. லியோன்மேல் எனக்குள்ள மதிப்புக்கு இது ஒன்றே போதும்.

கே: லியோனிலேயே மிக அபூர்வமான திருவிழா எது?

ப: புனித யோவான் ஜூபிலி. புனித யோவான் பேராலயத்தின் திருநாள் ஜூன் 24. நற்கருணைத் திருநாளோ ஈஸ்டரைப் பொறுத்து நகரும் வியாழக்கிழமை. இரண்டும் ஒரே நாளில் விழ வேண்டுமானால் ஈஸ்டர் தன் கடைசி எல்லையான ஏப்ரல் 25-இல் வர வேண்டும். 1500-க்குப் பிறகு அப்படி விழுந்த வருஷங்கள் 1546, 1666, 1734, 1886, 1943. கடைசியாக வந்தது ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில். அதற்கு மூன்று நாள் முன்புதான், க்ரோவா-ரூஸை ஒட்டிய கலுயீரில், எதிர்ப்பியக்கத் தலைவர் ஜான் மூலான் பிடிபட்டார்.

கே: அடுத்தது எப்போது?

ப: 2038. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கானூவின் மூளை என்று உணவகப் பட்டியலில் போட்டிருக்கிறார்களாம். சாப்பிடலாமா?

ப: தாராளமாக. செர்வெல் த கானூ என்பதில் மூளை எதுவும் இல்லை. புதுப் பாலாடைக்கட்டியை அடித்து, பூண்டு, வெங்காயத்தாள், மூலிகை, உப்பு, மிளகு, கொஞ்சம் வினிகர் சேர்த்தது. நம் தயிர்ப்பச்சடிக்குக் கெட்டியான தம்பி. பூஷோன் என்ற சிறு உணவகங்களில் கிடைக்கும். ஆனால் அங்கே மற்றதெல்லாம் பெரும்பாலும் பன்றியும் குடலும். சைவர்கள் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. காலையில் மாஷோன் என்று ஒரு சாப்பாடு உண்டு, விடியற்காலையிலிருந்து தறியில் உட்கார்ந்த உடம்புக்கு ஏற்ற கனமான உணவு.

கே: காதல் கதை ஒன்றுகூட இல்லையா?

ப: மிட்டாய் சுற்றிய ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பப்பியோ என்ற மிட்டாய்க்காரரிடம் வேலை பார்த்த பையன், மேல்மாடிப் பெண்ணுக்கு இனிப்பைக் காதல் சீட்டில் சுற்றி அனுப்பினான். முதலாளி கண்டுபிடித்தார். பையனை விரட்டினார், யோசனையை வைத்துக்கொண்டார். இப்போது கிறிஸ்துமஸுக்கு பிரான்ஸ் முழுக்க விற்கும் பப்பியோத் சாக்லேட் அதுதான். பளபளக்கும் தாளைப் பிரித்தால் உள்ளே ஒரு வாசகமோ விடுகதையோ இருக்கும். கதைக்கு ஆவணம் கிடையாது. சாக்லேட்டுக்கு உண்டு.

கே: நாடகம் பார்த்துவிட்டு மேடையில் தலையணை எறிகிறார்களாமே, கோபத்திலா?

ப: சந்தோஷத்தில். ஃபூர்வியேர் குன்றில் ரோமானியக் கல் அரங்கு இருக்கிறது. கோடை இரவுகளில் அங்கே இசையும் நாடகமும் நடக்கும். கல் படியில் உட்கார மெத்தை தருவார்கள். நிகழ்ச்சி பிடித்திருந்தால் முடிவில் அதை மேடை நோக்கி எறிவது வழக்கம். மெத்தை மழை பெய்தால் கலைஞருக்கு வெற்றி.

கே: டிசம்பர் 8 அன்று ஒரே ஒரு நாள் லியோனில் இருப்பேன். என்ன செய்யட்டும்?

ப: பகலில் ட்ரபூல்களில் நடங்கள். ஒரு தெருவில் கதவைத் திறந்து, கட்டடத்துக்குள் புகுந்து, முற்றமும் படிக்கட்டும் கடந்து அடுத்த தெருவில் வெளியே வரும் சந்துகள் அவை. பட்டை நனையாமல் தூக்கிப்போகக் கானூக்கள் பயன்படுத்தினார்கள். நாஜிகளிடமிருந்து நழுவ எதிர்ப்பியக்கத்தார் பயன்படுத்தினார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. குடியிருப்பவர்களோடு நகராட்சி செய்துகொண்ட ஏற்பாட்டில் சுமார் 40 பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. க்ரோவா-ரூஸ் சரிவில் வொராஸ் முற்றத்தின் படிக்கட்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

இருட்டியதும் நகர மையத்தின் நெரிசலை விட்டு க்ரோவா-ரூஸ் ஏறுங்கள். வழியில் ஒரு லூமின்யோன் வாங்குங்கள், தங்கும் அறை ஜன்னலில் வைக்க அனுமதி கேளுங்கள். ட்ரபூலுக்குள் மட்டும் குரலைத் தாழ்த்துங்கள், படமெடுக்கும் வெளிச்சத்தை யார் ஜன்னல்மேலும் அடிக்காதீர்கள். அவை இன்றும் ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள். அவர்கள் கதவைத் திறந்து வைக்கும்வரைதான் நமக்கு வழி.